காயட்டும் சார்

"சீட்டை மாட்டுங்கண்ணே. வண்டி ஏத்துற நாலு மணிக் கப்பலை விட்டா, அடுத்தது மூணு நாள் கழிச்சுதான்."

வந்தவர் இதையே மூன்றாவது முறையாகச் சொன்னார். கட்டில், அடுப்பு, அலமாரி எல்லாம் உள்ளேயே இருக்கும் பெரிய கேரவன் வண்டி பட்டறை நடுவில் நின்றது. கழற்றிய டிரைவர் சீட்டு சுவரோரம் கிடந்தது. அதன் போல்ட்டுகள் பட்டறைக்காரரின் சட்டைப் பையில் இருந்தன.

"தரைக்கு சூடும் சத்தமும் தடுக்கிற ஷீட்டு ஒட்டாம சீட்டை மாட்டி என்ன சார் பண்ணுவீங்க? பாதி வழியில கால் வெந்துடும்."

அது உண்மைதான். இன்ஜின் சூடு தகரத்தில் ஏறி, செருப்பையும் மீறிச் சுட்டது. சத்தமோ காதைக் கிழித்தது. பெட்ரோல் பங்கில் விசாரித்தபோது, இந்தச் சாலையில் இந்த வேலை தெரிந்தவர் இவர் ஒருத்தர்தான் என்று கை காட்டியிருந்தார்கள். மணி இரண்டு ஆகிவிட்டது.

"தரையில ஒட்டியிருந்த பழைய மெத்தையை யாரு சார் பிச்சது?"

"நான்தான். ஒரே நாத்தம். தூக்கிப் போட்டுட்டேன்."

"கிளட்சு பக்கத்துல நாலு ஓட்டை இருக்கே, அது எதுக்கு?"

வந்தவர் குனிந்து பார்த்தார். "அதுவா? தீயணைக்கிற சிலிண்டர் மாட்டியிருந்தேன்."

பட்டறைக்காரர் மனைவியைக் கூப்பிட்டார். வெட்டும் வேலை அவளுடையது. சுவர் முழுக்க ஆணிகளில், முன்பு செய்த வண்டிகளுக்கு வெட்டிய பழுப்புக் காகித அளவுகள் தொங்கின. அவற்றில் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் புரட்டிப் பார்த்தவள், வண்டியின் தரையில் விரித்தாள். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

"அட, அளக்கவே இல்லையே?"

"இந்த மாதிரி வண்டி முன்னாடி ஒண்ணு செஞ்சிருக்கோம்," என்றார் பட்டறைக்காரர்.

ஷீட்டை வெட்டும்போது அவள் கத்தி கோட்டை விட்டு விலகியது. பயந்துதான் போயிருந்தாள்.

"பதறாம வெட்டும்மா. வெட்டிட்டு உள்ள போய்த் தண்ணி கொண்டா."

வெட்டி முடித்தவள் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். தண்ணீர் வர வெகு நேரமானது. அதற்குள் பட்டறைக்காரர் ஷீட்டின் அடிப்பேப்பரை உரித்து உரித்து ஒட்டி, மேலே உருளையை ஓட்டி அழுத்தினார்.

"முடிஞ்சுதுல்ல? சீட்டைப் போடுங்க."

"காயட்டும் சார்."

"தொட்டா காஞ்ச மாதிரிதானே இருக்கு?"

"மேல அப்படித்தான் தெரியும். காயாம மிதிச்சா சூட்டுல இளகி பெடலுக்கு அடியில போய் மாட்டிக்கும். அப்புறம் கப்பலைப் பிடிக்க மாட்டீங்க, கடலைத்தான் பிடிப்பீங்க."

வந்தவருக்குச் சிரிப்பு வரவில்லை. வாசலுக்கும் வண்டிக்கும் நடந்தார். பட்டறைக்காரரோ சாவகாசமாக உட்கார்ந்து, ஒரு மரப்பலகையைத் தேய்க்கத் தொடங்கினார்.

"என் வண்டி நிக்குது. நீ யாருக்குப் பலகை செய்யற?"

"ஒரு அம்மாவுக்கு. உயரம் கம்மி. ஓட்டும்போது கால் தரைக்கு எட்டாது."

"யோவ், அக்கரையில எம் பொண்ணு தனியா காத்துக்கிட்டிருக்கா. உனக்குப் பிள்ளைகுட்டி இல்லையா?"

"இருக்கு சார். அதான் சொல்றேன், காயட்டும்."

மூன்றரை மணிக்கு வந்தவரின் பொறுமை போய்விட்டது. சீட்டைத் தானே தூக்கி வண்டிக்குள் போட்டார். பட்டறைக்காரரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"போல்ட்டைக் குடுய்யா."

"விடுங்க சார்," என்று ஓடி வந்தாள் மனைவி. "இன்னும் அஞ்சே நிமிஷம்."

"இதைத்தான் ஒரு மணி நேரமா சொல்றீங்க." அவர் கை சட்டைப் பைக்குள் நுழைந்தது. பட்டறைக்காரர் பையை இறுகப் பொத்திக்கொண்டார். துணி கிழியும் சத்தம் கேட்டது.

அதே நேரத்தில் வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. இரண்டு போலீஸ்காரர்களும், அவர்களுக்குப் பின்னால் குள்ளமான ஒரு பெண்மணியும் இறங்கினார்கள். அந்த அம்மா நேராக வண்டிக்குள் தலையை விட்டுத் தரையைப் பார்த்தார்.

"இருந்த வீட்டை வித்துல்ல இதை வாங்கினேன். படுபாவி, என் கால் பலகையைக்கூட விட்டுவைக்கலையே."

மனைவி சுருட்டிய காகிதத்தைப் பிரித்து, இரண்டு வருஷத்துக்கு முன் அதன் பின்பக்கம் எழுதிய அந்த அம்மாவின் பெயரையும் போன் நம்பரையும் போலீஸ்காரரிடம் நீட்டினாள். பட்டறைக்காரர் தேய்த்து, ஓட்டை போட்டு முடித்த பலகையைக் கிளட்சு பக்கத்தில் வைத்தார். அதன் நாலு ஓட்டையும் ஷீட்டில் மூடாமல் விட்டிருந்த தரையின் நாலு ஓட்டைமேல் கச்சிதமாக உட்கார்ந்தன.

"இந்த ஷீட்டு காயறதுக்கு ஒண்ணுமே இல்ல சார், பேப்பரை உரிச்சு ஒட்டினா அந்த நிமிஷமே பிடிச்சுக்கும்," என்றார் அவர், போலீஸ் பிடியில் நின்றவரிடம். "அம்மா வந்து சேரத்தான் ஒரு மணி நேரம் ஆகும்னு போன்ல சொன்னாங்க."