பாளையம் கடலுக்குப் போனார்

குப்பத்தில் சாவு விழுந்தால், அடக்கம் முடியும்வரை எந்தப் படகும் கடலில் இறங்காது. கடலுக்குப் போகும் படகுகளை எண்ணுவதற்காக அரசு கரையில் நட்டிருந்த பேசும் கண்காணிப்புக் கம்பத்துக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு நாள் முழுக்கப் படகு போகாவிட்டால், உல்லாசப் படகுத்துறைக்குக் கரையை ஊரே விட்டுக்கொடுத்துவிட்டதாக அது பதிவு செய்துவிடும்.

இன்று விடியுமுன்பே தேசராணியின் புருஷன் பாளையம் செத்துப்போனார்; ஒரு படகும் இறங்கவில்லை. பொழுது சாயத் தொடங்கிவிட்டது.

“அண்ணி, ஒரே ஒரு போட்டயாவது விட்டுடலாம். இல்லன்னா கரை போயிடும்” என்றான் கொழுந்தன் கஜேந்திரன்.

“உங்கண்ணன் பொணமா கெடக்கசொல்ல எவன்டா தொழிலுக்குப் போவான்?” தேசராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். “போட்டு போவணும், அவ்ளோதானே? அவரே போவட்டும். தூக்குங்கடா!”

பாளையத்தை மாலையோடு அவருடைய படகிலேயே கிடத்தினார்கள். எஞ்சினை யாரும் தொடவில்லை. ஆணும் பெண்ணுமாகக் கழுத்தளவு தண்ணீர்வரை தள்ளிக்கொண்டு போய், கயிற்றைக் கையில் பிடித்தபடி படகை அலை தாண்ட விட்டார்கள்.

கம்பம் பேசியது. “ஒரு படகு பதிவானது. செல்பவர் யார்?”

அலைக்குள் நின்றபடியே தேசராணி கத்தினாள்.

“கரைக்குச் சொந்தக்காரருன்னு எழுதிக்கோ!”