மேரிசெலினுக்குக் குளிரக்கூடாது

ஸ்ரிபன் தரையில் குந்தியிருந்து, படுக்கையறையைச் சூடாக்கச் சுவரில் பொருத்திய றேடியேற்றரின் முனையிலிருந்த சின்னத் திருகாணியைத் தளர்த்தினான்.

குழாயில் அடைத்திருந்த காற்று சீறிக்கொண்டு வந்தது. பிறகு கறுப்புத் தண்ணீர் அவன் முகத்திலேயே பீச்சியடித்தது.

“வந்திட்டுது!” என்று கத்தினான்.

கதவில் சாய்ந்து நின்ற குலேந்திரன் சிரித்தான். ஸ்ரிபனோடு இரும்புத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். இந்தக் குழாய்களில் பாதியைப் பொருத்தியவனும் அவன்தான்.

ஸ்ரிபனின் மனைவி மேரிசெலின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். விமான நிலையத்திலேயே அவன் போர்த்திவிட்ட தடித்த கோட்டை இன்னும் கழற்றவில்லை. அவளுடைய பெட்டிகள்கூடக் காரில்தான் கிடந்தன.

விறகு அடுப்பு கூடத்தில் இருந்தது. அதன் முதுகோடு ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி. விறகு எரிய, தண்ணீர் சூடாகி, பம்பு தள்ள, அறை அறையாக ஓடும். கொதித்துப் பொங்கினாலும் வெடிக்காதபடி கூரைக்குள் ஒரு திறந்த தொட்டி. ஸ்ரிபன் இதை மறுபடி முதலிலிருந்து விளக்கினான்.

“காரிலை வரேக்கையும் இதுதான் கதை, தங்கச்சி” என்றான் குலேந்திரன். “பயணம் எப்பிடி எண்டு ஒரு வார்த்தை கேட்டவனோ?”

கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்தபோது, தொலைபேசியில் அவள் ஒவ்வொரு முறையும் கேட்டது ஒன்றைத்தான்: அங்கே சரியான குளிராமே?

நீ வரும்போது வீடு கணகணவென்று இருக்கும் என்று அவன் சொல்லியிருந்தான்.

மேரிசெலின் எழுந்து றேடியேற்றரில் கை வைத்தாள். சட்டென்று எடுத்தாள்.

“சுடுதோ?”

“ஓம். நல்லாச் சுடுது.”

அவள் முகம் சிவந்திருந்தது. வெட்கம் என்றான் குலேந்திரன்.

வாசல் மணி அடித்தது.

பக்கத்து வீட்டு டேனிஷ் கிழவர் நின்றார். அரைக்காற்சட்டையைத் தவிர உடம்பில் வேறொன்றும் இல்லை. கையில் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய். புகைபோக்கியைக் காட்டி, வீடு பற்றிக்கொண்டதா என்று பதறினார்.

அது ஜூலை மாதம். அந்தக் கோடையிலேயே வெயில் கூடிய நாள்.

அடுப்பை ஸ்ரிபன் வாங்கியது அவள் மார்கழிக்கு வருவாள் என்று. போன மார்கழி அல்ல, அதற்கு முந்தியது. கோப்பன்ஹேகன் குடிவரவு அலுவலகத்தில் தமிழ்க் குடும்பங்களின் விசா விண்ணப்பங்களை அசைக்காமல் வைத்திருந்தார்கள். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றே இரண்டு பனிக்காலம் போயிற்று. பதில் வராத போதெல்லாம் அவன் இன்னொரு அறைக்குக் குழாய் இழுத்தான்.

கிழவருக்கு இதை டேனிஷில் சொல்ல வாயெடுத்தான். ‘என் மனைவி’ என்று மட்டும் சொல்லி, உள்ளே கையைக் காட்டினான். குலேந்திரன் அதற்குக் கேலி செய்யவில்லை.

மேரிசெலின் கூடத்துக்கு வந்தாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. அடுப்பின் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்தாள்.

“இஞ்சேருங்கோ, நெருப்பு அடங்குது. இன்னும் ரெண்டு கட்டை போடுங்கோ.”