மிதியில் கிடந்த கால்

மேட்டில் ஏறும்போது என்ஜின் கத்தியது, கார் இழுக்கவில்லை. கருகல் நாற்றம் வேறு.

"எல்லாம் இந்தக் கிளட்ச் பிளேட்டாலதான்" என்றது என்ஜின்.

ஓனரின் இடது கால் நாள் முழுக்கக் கிளட்ச் மிதியிலேயே கிடந்து, தன் பிடியைத் தளர்த்தித் தளர்த்தித் தேய்த்ததைப் பிளேட் யாரிடம் போய்ச் சொல்லும்?

பட்டறையில் மெக்கானிக் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, டாப் கியர் போட்டு, கிளட்சை விட்டார். பிளேட் நன்றாகப் பிடித்தால் என்ஜின் அணைய வேண்டும். அதுதான் சோதனை.

"அண்ணே, இந்த ஒரு தடவை நீங்களா நின்னுடுங்க. இல்லேன்னா என்னைக் கழட்டிப் போட்டுடுவாங்க" என்று என்ஜினிடம் கெஞ்சியது பிளேட்.

"முடிஞ்சா புடிச்சு நிறுத்து" என்று உறுமியது என்ஜின்.

பிளேட் உயிரைக் கொடுத்துப் பிடித்தது. வழுக்கிக்கொண்டே போனது. என்ஜின் அணையவே இல்லை.

மறுநாள் புதுப் பிளேட்டோடு கார் கிளம்பத் தயாரானது. ஓனர் ஏறி உட்கார்ந்து, வழக்கம்போல் இடது காலை மிதியில் சாய்த்தார்.

"தம்பி, அந்தக் கால்கிட்ட ஜாக்கிரதையா இரு!" என்று பழைய இரும்புக் குவியலிலிருந்து கத்தியது பழைய பிளேட்.

"இதுவா? பூ மாதிரி லேசா இருக்கே" என்று புதுசு சிரித்தது.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு" என்று பழசு சொல்வதற்குள் கார் தெருவில் இறங்கிவிட்டது.