பன்றிக் கொட்டகையில் ஒரு காலை

திருத்தணிக்குப் பக்கத்தில், கோதண்டத்தின் பன்றிக் கொட்டகையில் காலை வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே இறங்கி, நனைந்த சிமெண்டுத் தரையில் வட்ட வட்டமாகக் கிடக்கிறது. மூன்று குட்டிகள் செத்து எட்டு நாளாகிறது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் என்றால் மிச்சமுள்ள முப்பதையும் கொன்று புதைக்க வேண்டும். பழைய பன்றிக் காய்ச்சல் என்றால் நோய் தொடாதவற்றை ஊசி காப்பாற்றும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான், ரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். கால்நடை மருத்துவர் கல்பனா ஆய்வகத்திலிருந்து வந்த அழைப்பைக் காதில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். கோதண்டம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். போனை அணைத்துவிட்டுச் சிரிக்கிறாள். "பழைய காய்ச்சல்தாங்க. கிருமியோட மரபணுவையும் படிச்சுட்டாங்க. திருவாலங்காட்டுல உங்க அக்கா வீட்டுக்காரரு, அந்தப் பாவா பண்ணையில வந்துச்சே, அதே வகை. அவரு குடுத்த ஆண் பன்னியத் தனியா கட்டலியா?" "சீர்வரிசையா வந்ததுங்க மேடம். தனியா கட்டினா எங்க அக்கா மூஞ்சியத் தூக்கிக்கும்." "அதுக்குன்னு மாலை போட்டு நடுவுல விட்டீங்களாக்கும்!" ஐஸ் பெட்டியைத் திறந்து அவள் மருந்தை ஊசியில் ஏற்றுகிறாள். கோதண்டம் லுங்கியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கி, முதல் பன்றியின் காதுகளை இறுகப் பிடிக்கிறார். அது போடும் கத்தலில் கூரையே அதிர்கிறது. "கத்தட்டும்ங்க மேடம், உசுரோட கத்தட்டும்" என்கிறார், பிடியைத் தளர்த்தாமல்.