பரசுராமன் முதுகு

பரசுராமன் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான்.

தன் பிழைப்புக்கான தீர்ப்பு தன் முதுகிலேயே இருக்கிறது, அதைத் தன்னால் மட்டும் பார்க்க முடியாது என்பதில் அவனுக்குப் பயத்தைவிட எரிச்சல்தான் அதிகம்.

செவ்வாய்க்கிழமை டாக்டரம்மா அவன் முதுகில் வரிசையாகப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தார். ஒவ்வொன்றின் அடியிலும் அவன் கை அன்றாடம் தொடும் ஒரு பொருள், துளியளவு. அரக்குச் சாயம், பச்சைச் சாயம், மயில் கழுத்துச் சாயம், சாயத்தை வெளுக்கிற ஹைட்ரோஸ் தூள், பட்டு அலசுகிற சோப்பு. எது ஆகாதோ அந்த இடத்தில் தோல் தடித்துச் சிவக்கும் என்றார்.

வியாழக்கிழமை வரை குளிக்கக் கூடாது, வேர்க்கவும் கூடாது என்று வேறு சொல்லி அனுப்பினார். ஆரணி வெயிலில் வேர்க்காமல் இருப்பதற்கும் ஏதாவது மாத்திரை இருக்கிறதா என்று அவன் கேட்டான். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

இரண்டு வருஷமாகவே கை அப்படித்தான். விரல் இடுக்கெல்லாம் வெடித்து நீர் கசியும். அரிப்பு உயிரை எடுக்கும். சாயம்தான் காரணம் என்று தெருவே முடிவு கட்டிவிட்டது. சாயக்காரன் கைக்கு வேறு எதனால் வரப்போகிறது?

பட்டறை முதலாளியும் தன்மையாகத்தான் சொன்னார். டாக்டரிடம் காட்டு, சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு வேலை பார்த்துக்கொள், இந்தக் கையால் சாயத்தில் முக்கியெடுத்த பட்டை வாங்க யாருக்கும் மனசு வராது என்றார்.

பரசுராமனுக்கு வேறு வேலை தெரியாது. கொதிக்கிற தொட்டியில் பட்டைப் புரட்டவும், நிறம் ஏறிவிட்டதா என்று பார்த்தவுடன் சொல்லவும் தெரியும். அவ்வளவுதான்.

டாக்டரம்மா முதல் பிளாஸ்திரியை உரித்தார்.

பக்கத்தில் நின்ற குணசுந்தரி குனிந்து பார்த்தாள். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் புருஷன் முதுகை அவள் இப்படி உற்றுப் பார்த்ததே இல்லை. அரக்குச் சாயம் ஒட்டிய இடம் ரத்தச் சிவப்பாக இருந்தது.

டாக்டரம்மா அங்கே விரலை வைத்துத் தடவினார். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டு மறுபடியும் தடவினார். தடிப்பு இல்லை. இது சாயத்தோட சிவப்பு, தோலோட சிவப்பு இல்லை என்றார்.

"இன்னாடி தெரியுது? வாயத் தொறந்து சொல்லேன்" என்றான் பரசுராமன், சுவரைப் பார்த்தபடியே.

அவள் கண் அடுத்த பிளாஸ்திரிக்குப் போய்விட்டது.

பச்சையில் ஒன்றும் இல்லை. மயில் கழுத்தில் ஒன்றும் இல்லை. ஹைட்ரோஸ் உரிந்தபோது அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அதிலும் ஒன்றும் இல்லை. சோப்பிலும் இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அது அவள் கொடுத்தது. வேறு எதுவும் கையில் படுமா என்று அன்றைக்கு டாக்டரம்மா கேட்டதற்கு, அவன் இல்லை என்றுவிட்டான். அவள்தான் பைக்குள்ளிருந்து மஞ்சள் களிம்பை எடுத்து நீட்டினாள்.

சுட்ட புண்ணுக்குப் போடுகிற களிம்பு. கொதிக்கிற தொட்டியோடு மல்லுக்கட்டுகிற சாயக்காரர் வீட்டில் உப்பு தீர்ந்து போகலாம், அது தீராது. இரண்டு வருஷத்துக்கு முன் தொட்டியில் கை சுட்டுக்கொண்ட நாளிலிருந்து தினமும் சாயங்காலம் அவளேதான் அதை அவன் விரல்களில் தேய்த்துவிடுகிறாள்.

அந்தப் பிளாஸ்திரி உரிந்தது.

தோல் கன்றிச் சிவந்து, தடித்து, மேலே பொடிப்பொடியாகக் கொப்புளம் கட்டியிருந்தது. இதைத் தடவிப் பார்க்க வேண்டியதே இல்லை.

சாயத்தின்மேல் ஒரு குற்றமும் இல்லை என்றார் டாக்டரம்மா. இந்தக் களிம்பு சிலர் உடம்புக்கு ஆகாது. போடப் போட வெடிக்கும், வெடிக்க வெடிக்க மனுஷன் இன்னும் போடுவான். அதை நிறுத்தி, தான் எழுதித் தருகிற மருந்தைப் போட்டால் கை தேறிவிடும் என்றார்.

பரசுராமன் திரும்பினான். தொட்டிக்குப் போகலாமா என்று கேட்டான். கை ஆறியதும் தாராளமாகப் போகலாம் என்று பதில் வந்த பிறகும் இன்னொரு தரம் கேட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பார்த்தான்.

அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. தேய்த்துவிட்ட பாவத்தை நினைத்து மருகுகிறாள் என்று அவனுக்குத் தோன்றியது. நீ வேண்டுமென்றா செய்தாய், விடு என்று அவளைத் தேற்றினான்.

அவள் அதைக் காதிலேயே வாங்கவில்லை.

"டாக்டரம்மா, இங்க கிட்டத்துல எஸ்.டி.டி. பூத் எங்க கீதுங்க?"

அவளுடைய அண்ணன் ஏகாம்பரத்துக்கும் இதே கைதான். சாயம் ஆகவில்லை என்று தொட்டிகளை விற்றுவிட்டு, பெங்களூரில் வாட்ச்மேனாகப் போய் ஒரு வருஷம் ஆகிறது. சாயத்தைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை, ஆனாலும் கை ஆறவில்லை என்று பொங்கலுக்கு வந்தபோது சொன்னான்.

அந்த ஊரில் கிடைக்குமோ என்னவோ என்று மாதா மாதம் பஸ்ஸில் அவனுக்குக் களிம்பு கொடுத்தனுப்புவது குணசுந்தரிதான்.