செய்தியில் வரவில்லை

அவர் உட்காரப்போன நாற்காலியின் மேல் அப்பா கையை வைத்தார்.

"இது வேண்டாம் சார். என் வீட்டுக்காரி வருவா."

அவர் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார்.

முதியோர் இல்லத்தின் இந்த அறையில், மறதி முற்றிய அப்பாவுக்குச் சில மாதங்களாக மகன் சார்தான். கோட்டு போட்டவர். திருத்தமாகப் பேசுபவர். அமெரிக்க ரயில் நிலையமொன்றில் வெள்ளைக்காரர்களின் பெட்டிகளைத் தூக்கிய காலத்தில், அப்படிப்பட்டவர்களை அப்பா வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை.

அம்மா செவ்வாய்க்கிழமை இறந்துபோனாள்.

நாளை அடக்கம்.

சொல்லாமல் அழைத்துப்போக முடியாது. அழைத்துப்போகாமல் புதைக்கவும் முடியாது.

நேற்று பாதிரியார் சொல்லிப் பார்த்தார். சற்று முன், உள்ளே வந்ததும், மகனே சொன்னார். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

அப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு சிரித்தார்.

"யாரோ உங்ககிட்ட கதை விட்டிருக்காங்க சார். அப்படி ஒண்ணு நடந்திருந்தா என் பையன் ஆறு மணிச் செய்தியில சொல்லியிருப்பானே."

பையன் சொல்லவில்லை.

ஆகவே நடக்கவில்லை.

அந்த நகரத்துத் தொலைக்காட்சியில் செய்தி வாசித்த முதல் கறுப்பு முகம் அவருடையது. வேலைக்கு எடுத்த அன்று நிலைய மேலாளர் ஒன்றுதான் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் நீ யாரென்று தெரியக்கூடாது.

குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் பழகினார். அப்பாவின், அம்மாவின் அலபாமாக் கறுப்பர் பேச்சை நாக்கிலிருந்து துளித் துளியாக எடுத்தார். இழுத்துப் பேசும் இடங்களை நறுக்கினார். விழுங்கும் எழுத்துகளை வெளியே கொண்டுவந்தார்.

யாருக்கும் தெரியவில்லை.

இப்போது அப்பாவுக்கும்.

முதல் நாள் செய்திக்கு அப்பா டை கட்டிக்கொண்டு தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாராம். அம்மா தொலைபேசியில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"அவனுக்கு அங்கேருந்து உங்களைத் தெரியவா போகுதுன்னு கேட்டேன்டா. தெரிஞ்சிட்டா என்ன பண்றதுங்கறார்."

அதற்குப் பிறகு எல்லா நாளும் டை. அவர் மாலை வணக்கம் சொல்லும்போது அப்பா பெட்டியைப் பார்த்துப் பதில் வணக்கம் சொல்வார். பக்கத்தில் அம்மா உட்காராமல் ஒரு செய்தியும் கேட்டதில்லை.

சுவரில் இருந்த தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. ஓர் இளைஞன் வாசித்துக்கொண்டிருந்தான்.

"இவன் என் பையனோட லீவுக்கு வந்தவன்," என்றார் அப்பா. "பல்லு மட்டும்தான் நல்லா இருக்கு."

அவர் ஓய்வுபெற்ற பிறகு வந்த எல்லோருமே அப்பாவுக்கு லீவுக்கு வந்தவர்கள்தான்.

சக்கரம் வைத்த சாப்பாட்டு மேசையில் பாதிக் கிண்ணம் புட்டிங் மிச்சமிருந்தது. அது அம்மாவுக்கு. தினமும் அப்பா பாதியை எடுத்துவைக்கிறார். இரவில் நர்ஸ் எடுத்துக் கொட்டுகிறாள். காலையில் கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்த்து அப்பா திருப்தியடைகிறார்.

மகன் எழுந்து தொலைக்காட்சியை அணைத்தார்.

மேசையைத் தள்ளிக்கொண்டுபோய்த் தொலைக்காட்சிக்குக் கீழே நிறுத்தினார். கிண்ணத்தை ஓரமாக வைத்தார். பின்னால் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

கோட்டின் பித்தானைப் போட்டார். முதுகை நிமிர்த்தினார். இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தார்.

கேமராவுக்குப் பின்னால் அவர் எப்போதும் ஒருவரைத்தான் மனதுக்குள் உட்காரவைத்துக்கொள்வார். டை கட்டிய ஒரு மனிதர்.

அந்த இடத்தைப் பார்த்தார்.

"மாலை வணக்கம்."

அப்பாவின் முகம் மலர்ந்தது.

அந்த முகத்தை அவர் பார்த்து வெகுகாலமாகிவிட்டது. அப்பாவின் கை கழுத்துக்குப் போனது. டை இல்லை. சட்டையின் மேல் பித்தானைத் தடவித் தடவிப் போட்டுக்கொண்டார்.

"வணக்கம்பா."

இந்த முறை சார் இல்லை.

வாக்கியம் தயாராக இருந்தது. பெயர். வயது. சிறிது காலமாக உடல்நலமின்றி. எத்தனையோ பேரின் அம்மாக்களுக்காக அவர் அதை வாசித்திருக்கிறார். குரல் ஒருமுறையும் பிசிறியதில்லை. அதற்காகத்தான் சம்பளம் கொடுத்தார்கள்.

வாயைத் திறந்தார்.

அப்பா வாசல் பக்கம் திரும்பி அம்மாவைக் கூப்பிட்டார்.

"எர்லின். கையில இருக்கறதைப் போட்டுட்டு வா. பையன் வந்துட்டான்."

திறந்திருந்த கதவுக்கு வெளியே தாழ்வாரம். ஒரு தள்ளுவண்டி கடந்துபோகும் சத்தம். பிறகு அதுவும் இல்லை.

அப்பா இவர் பக்கம் திரும்பி உள்ளங்கையை உயர்த்திக் காட்டினார்.

"கொஞ்சம் இருப்பா. அவ வரட்டும்."

நேரலையில் மௌனம் என்பது பிழை. நாலைந்து நொடி நீண்டால் மேலாளர் அறையில் தொலைபேசி அடிக்கும். அவருடைய காலம் முழுவதும் எந்தச் செய்தியும் யாருக்காகவும் நின்றதில்லை.

அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்பா அந்தக் காலி நாற்காலியை இன்னும் கொஞ்சம் தன் பக்கமாக இழுத்துப் போட்டார்.

இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.