துணி நகராமல் இருக்க

மத்தியான வெயில் தையல்கடையின் வெட்டுமேசையில் சாய்ந்து விழுகிறது. தைக்கக் கொடுத்த சீருடையைக் கேட்டு வந்த இன்ஸ்பெக்டர், அங்கே விரித்திருக்கும் துணியையே பார்க்கிறார். மூலைக்கொன்றாக நான்கு துப்பாக்கித் தோட்டாக்கள். தன் அப்பா இறந்ததும் அவருடைய துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைத்துவிட்ட தையல்காரி, துணி நகராமல் இருக்க நல்ல கனம் என்று இவற்றை மட்டும் வைத்துக்கொண்டாள். “என் பேண்ட் துணி மேலயேவா? லைசென்ஸ் இல்லாம ஒண்ணு வச்சிருந்தாலும் ஜெயில்தான். யாரோடது?” சாப்பாடு கொண்டுவந்த கணவன் முந்திக்கொள்கிறான். “என்னோடதுதான் சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது.” தையல் பக்கமே வராதவன், சட்டையில் பொத்தான் அறுந்தால் ஊக்கு குத்திக்கொண்டு போகிற ஆள். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாக எடுத்துக் காகித உறையில் போடுகிறார். தோட்டாக்களில் எல்லாம் சாக்பீஸ் பொடி. அதே பொடி ஒட்டிய விரல்களை அவள் மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்கிறாள். போலீஸ் ஜீப்பில் ஏறப்போன கணவன் திரும்பிப் பார்க்கிறான். காற்றில் துணி நழுவிக்கொண்டிருக்கிறது. “துணி விழுது பாரு, எதையாவது தூக்கி வை.” அவள் இரண்டு கைகளையும் விரித்துத் துணியை அழுத்திப் பிடிக்கிறாள். பத்து விரல்களும் வெள்ளை வெளேரென்று தெரிகின்றன. பார்க்கத்தான் ஆளில்லை, ஜீப் கிளம்பிவிட்டது.